யோகனின் கம்பளிப் பை

தறிக்கூடத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். முதலாளியோடு சண்டை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி ரோட்டைப் பிடித்துவிட்டேன். நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு வேலை போவது புதிதல்ல.

வழியில் ஒருவர் பஸ்ஸுக்குக் கை காட்டினார். நிற்காமல் போய்விட்டது. அவர் பெயர் யோகன். இலங்கையிலிருந்து வந்து, அந்த ரோட்டிலேயே மேற்கே இருந்த அகதிகள் முகாமில் தங்கியிருப்பவர். கிணறு வெட்டும் வேலைக்கு வந்திருந்தார். தோளில் ஒரு கம்பளிப் பை.

"ஆறு மணிக்கு ஆள் எண்ணுவினம். நான் இல்லையெண்டால் பேரை வெட்டிப்போடுவினம். பிறகு பிள்ளைகளுக்கு அரிசியும் இல்லை" என்றார். அடுத்த பஸ் தெரிந்ததும் புளியமரத்துக்குப் பின்னால் போனார். "நீங்கள் கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். நின்றது.

"சட்டையைப் போட்டுக்கிட்டு ஏறும் வே" என்றார் கண்டக்டர். பின்னாலேயே யோகனும் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்.

போக வேறு இடமில்லாததால் நானும் அவரோடு முகாமில் இறங்கினேன். ஆள் எண்ணுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். எண்ணி முடித்ததும் முகாம் வாசலில் சிலர் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கூடவே ஒரு காலேஜ் டீச்சர். அகதிகளை அன்றாடம் எங்கெங்கே தடுக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவர் கேள்வி கேட்கவில்லை. முகாம்காரர்களே சாம்பலால் ரோடு வரைந்து, தடுக்கப்பட்ட இடத்தில் எல்லாம் கல் வைத்தார்கள். செக்போஸ்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. யோகன் பஸ் ஸ்டாப்பில் வைத்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பஸ்ஸுல இடம் இருந்திருக்காது வே. டிரைவரை எதுக்குக் கொறை சொல்லுதீரு?"

"உங்கட கையைக் கண்டவுடன இடம் வந்திட்டுதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும், "சோதிச்சுப் பாத்துருவோமா? யாரு போகணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

எல்லா விரலும் என்னைக் காட்டின. "ஆள் வேலையில்லாமல்தானே நிக்கிறார்" என்றார் யோகன்.

"சாப்பாடு உண்டா?" என்று கேட்டேன். உண்டு என்றார் டீச்சர்.

மறுநாள் காலை, முகாம் ஸ்டாப்பில் யோகன் தன் பையை என் தோளில் மாட்டினார். நிவாரணத்துக்குக் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளியைக் கிழித்துத் தைத்தது. முகாமில் எல்லோரிடமும் அதே பைதான். வெளியே யாரிடமும் கிடையாது. யோகனும் டீச்சரும் மற்றவர்களும் அங்கிருந்த ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

நேற்று ஏறிய அதே பஸ் வந்தது. பல்லெல்லாம் தெரியக் கை காட்டினேன். டிரைவர் பையைப் பார்த்தார். வேகம்கூடக் குறையவில்லை. உள்ளே பாதி சீட் காலி.

"இடமில்லையாக்கும், அண்ணாச்சி" என்றது மரத்துக்குப் பின்னாலிருந்து யோகனின் குரல். அண்ணாச்சி என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

தூசி அடங்கியதும் திரும்பிப் போய், சாம்பல் ரோட்டில் அவர் வைத்த கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கல் வைத்தேன். பிறகு டீச்சர் என்னைத் தன் ஆராய்ச்சி வேலைக்கே வைத்துக்கொண்டார்; அந்த வேலையில் நான் செய்த முதல் காரியம் அந்தக் கல் வைத்ததுதான். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்றும் சொல்வேன்: முதலில் பையை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.