காற்றுப்பூட்டின் குரல்

ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் எங்கள் இல்லத்துக் களஞ்சிய அறையில் பியர் நொதித்துக்கொண்டிருந்தது. கலத்தின் மூடியில் நீர் நிரம்பிய சிறு குழாய் ஒன்றைச் செருகியிருந்தேன். உள்வாயுவை வெளியேற்றி வெளிக்காற்றைத் தடுக்கும் அதற்குக் காற்றுப்பூட்டு எனப் பெயரிட்டிருந்தேன். அது இடையறாது ‘குளுக்’ என்றது.

கோயில் விழாவுக்கு அழைக்க வந்திருந்த என் மனைவியின் தம்பி, மதுவைக் கடிந்து மேடையேறிப் பேசுபவர்.

“அதென்ன சத்தம், அத்தான்?”

“வெப்பமூட்டி பழுது, மச்சான்.”

தேநீர் கொணரும் சாக்கில் எழுந்து, பூட்டிலிருந்த நீரைக் கொட்டி ஓசையை அடக்கினேன். திரும்பியபோது அவர் முகம் வாடியிருந்தது.

“தண்ணியைக் கொட்டிப்போட்டியளோ? உள்ளுக்குக் காத்துப் போனால் புளிச்சுப்போயிடும், அத்தான். போன முறை என்ரை அப்பிடித்தான் பழுதாப்போனது.”

விரைந்து சென்று நீரை வார்த்தேன். ‘குளுக்’ என்றது. பின்னர் இருவரும் விழாவைப் பற்றி மிகுந்த பக்தியுடன் உரையாடினோம்.