மாடி வீட்டார் யார் பக்கம்

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது எங்கள் சமூக அறிவியல் புத்தகத்தில் அண்டை நாடுகள் என்று ஒரு பாடம் இருந்தது. இலங்கை நமது நட்பு நாடு என்று அதில் போட்டிருந்தது. பரீட்சையில் அதை எழுதி இரண்டு மதிப்பெண்ணும் வாங்கினேன். அதே வருடம்தான் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த இலங்கைக் குடும்பத்தை வேவு பார்த்தேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான். அப்பாவுக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை. சித்தப்பா ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொரு வேலைக்காகக் காத்திருந்தார். காத்திருந்த நேரமெல்லாம் கிரிக்கெட் பார்த்தார்.

மாடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அங்கிளும் ஆன்ட்டியும், என் வகுப்பிலேயே படித்த அவர்கள் மகள் தர்ஷிகாவும் இருந்தார்கள். அங்கிள் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆன்ட்டியின் அண்ணன் கனடாவில் இருந்தார். அவர் கூப்பிட்டுக்கொள்ளும்வரை திருச்சியில் இருப்பதாகச் சொல்லி வந்தவர்கள், வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவர்களைப் பிடிக்கும். சித்தப்பாவுக்கு ஒரு படி மேலேயே பிடிக்கும். அவர்களுடைய பீரோவை மாடிக்கு ஏற்றும்போது கால் கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்துப்போனதை யார் கேட்டாலும் பெருமையாகக் காட்டுவார். "நம்ம ஆளுங்கப்பா. நாம செய்யாம வேற யாரு செய்வா?" என்பார்.

இதெல்லாம் அந்தக் கிரிக்கெட் தொடர் ஆரம்பிக்கும்வரைதான்.

முதல் சுற்றில் இந்தியா இலங்கையிடம் தோற்றது. எங்கள் ஹாலில் சித்தப்பாவும் அவருடைய நண்பர்கள் நான்கு பேரும் துக்க வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவர்களில் ஒருவரான தெருமுனை ரீசார்ஜ் கடைக்காரர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

"மேல டிவி சத்தமே வரலையே. கவனிச்சீங்களா?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். உண்மைதான். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் கடைசிப் பத்து ஓவர்களில் நின்றிருந்தது. நாங்கள் தோற்கும்போது எதற்காகச் சத்தத்தைக் குறைக்க வேண்டும்? சந்தோஷப்படுகிறவர்கள்தான் குறைப்பார்கள் என்று ரீசார்ஜ் கடைக்காரர் முடிவுகட்டினார். அன்று மாலை ஆன்ட்டி மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தது சித்தப்பாவுக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன்னும் அவர் தினம் முணுமுணுத்தவர்தான். ஆனால் அன்றைக்குத்தான் அது எங்கள் காதில் விழுந்தது.

அதன் பிறகு மாடி வீட்டில் நடந்ததெல்லாம் எங்களுக்கு ஒரு தடயமாகிவிட்டது. அங்கிள் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிப்பது, போன் பேசும்போது கதவைச் சாத்துவது, எதுவும் தப்பவில்லை. மற்ற ஆட்டங்களெல்லாம் முடிந்து, மறுபடியும் அதே இரண்டு அணிகள்தான் இறுதிப் போட்டிக்கு வந்தன. சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீதான பாப்பா மேல போவ, வருவ. அவங்க யாரு பக்கம்னு நைசா கேட்டுட்டு வா."

பெரியவர்கள் ஒரு வேலையை என்னை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் பள்ளியில் சாப்பிடும்போது தர்ஷிகாவிடம் கேட்டேன். அவள் டப்பாவை மூடிவிட்டு யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"ஆரும் கேட்டா இந்தியா எண்டு சொல்லச் சொன்னவர் அப்பா."

அவள் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் 'இந்தியா' என்பதோடு நிறுத்தியிருப்பாள். நான் அவளுடைய தோழி என்பதால் முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு எழுத்து விடாமல் அதைச் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். சித்தப்பா பல் குத்திக்கொண்டிருந்த குச்சியைக் கீழே போட்டார்.

"கேட்டா சொல்லணுமா? அப்ப கேக்கலைன்னா?"

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். அதற்கு மாடி வீட்டார் மூன்று பேரையும் எங்கள் வீட்டுக்கு அழைக்கலாம் என்று சித்தப்பா சொன்னபோது, இந்தத் தம்பிக்கு இவ்வளவு நல்ல புத்தி எப்போது வந்தது என்று அம்மாவுக்கு ஆச்சரியம். கேசரி கிளறுவதாகச் சொன்னார். அழைப்பு எதற்கென்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அங்கிள் புத்தம்புது நீலச் சட்டையில் வந்தார். பெட்டியில் மடித்திருந்த கோடுகள் அதில் அப்படியே இருந்தன. அவருக்கு டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போடப்பட்டது. சித்தப்பாவின் நண்பர்கள் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஆன்ட்டி அம்மாவோடு சமையலறையில் இருந்தார். தர்ஷிகாவும் நானும் தரையில் பாயில். அப்பா கடைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று பின்னால் அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு ஆட்டத்தை ஒழுங்காகப் பார்த்தது அங்கிள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். இந்தியா முதலில் ஆடியது. விக்கெட் விழுந்தபோதெல்லாம் நான்கு தலைகள் அவர் பக்கம் திரும்பின. அவர் உச்சுக்கொட்டினார். பவுண்டரி போனால் கைதட்டினார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சித்தப்பா என்னை முறைத்தார், ஏதோ நான் தப்பான தகவல் கொண்டுவந்த மாதிரி.

மதியத்துக்கு மேல் இலங்கை ஆடியது. ஒரு இளைய ஆட்டக்காரர் முன்காலை நீட்டி, பந்தைக் கவர் பக்கமாகத் தள்ளினார். யாரும் நகர்வதற்குள் அது எல்லைக்கோட்டைத் தாண்டிப் போயிற்று. எங்கள் ஹால் அமைதியாக இருந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் மற்றவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். அங்கிளின் இடது கால் நாற்காலிக்கு அடியிலிருந்து மெதுவாக முன்னால் வந்து, பாதம் திரும்பி, தரையில் பதிந்து நின்றது. டிவியில் அந்த ஆட்டக்காரரின் கால் நின்ற அதே மாதிரி.

"அங்கிள் கால் ஆடுச்சு!" என்று கத்தினேன். "சித்தப்பா, அவங்க அடிச்சதுக்கு அங்கிள் கால் ஆடுச்சு!"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ரீசார்ஜ் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன சார், இருக்கறது இங்க, மனசு அங்கயா?"

அங்கிள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "அப்பிடி இல்லைத் தம்பி. நான் அங்க பள்ளிக்கூடத்தில பதினொரு வருஷம் விளையாடினனான். அந்த அடியைக் கண்டா கால் தானாப் போகும்."

"அவ்வளவு நல்லா ஆடுவீங்கன்னா அவங்க டீம்ல சேத்திருப்பாங்களே?"

"சேர்க்கேல்லை."

"ஏனாம்?"

அங்கிள் டிவியைப் பார்த்தபடி, "அது பெரிய கதை தம்பி" என்றார்.

"விடுப்பா, தெரிஞ்ச விஷயம்தான" என்றார் சித்தப்பா. சமாதானம் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தார். "யாராவது கேட்டா இந்தியான்னு சொல்லுன்னு பொண்ணுக்கே சொல்லிக் குடுத்திருக்காரு. பாப்பா எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டா."

தர்ஷிகா என் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று கேட்பதுபோலப் பார்த்தாள். அங்கிள் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததும் கோபமில்லை. சமையலறை வாசலில் ஆன்ட்டி கேசரிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றிருந்தார்.

"தம்பி, இன்னொரு வார்த்தை பேசுனீங்கன்னா டிவியை அணைச்சிடுவேன்" என்று அம்மா உள்ளிருந்து வந்தார்.

"நான் என்ன அண்ணி தப்பா சொல்லிட்டேன்?"

அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. அங்கிள் கடைசிப் பந்துவரை அதே நாற்காலியில், இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தியா ஜெயித்தது. நண்பர்கள் அவரைத் தோளோடு அணைத்து வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். தெருவில் ஏற்கெனவே கூட்டம் சேர்ந்திருந்தது. "சார் சொல்லுவாரு, சார் சொல்லுவாரு" என்று ரீசார்ஜ் கடைக்காரர் எல்லோரையும் அடக்கினார். அங்கிள் சிரித்தபடி கையை உயர்த்தி, இந்தியா என்று உரக்கக் கத்தினார். மூன்று தடவை கத்தச் சொன்னார்கள். மூன்று தடவையும் கத்தினார். சித்தப்பா அவர் வாயில் கேசரியை ஊட்டினார்.

மறுநாள் தர்ஷிகா எனக்காகக் காத்திராமல் பள்ளிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அம்மா கொடுத்த மல்லிகைச் சரத்தோடு நான் மாடிக்குப் போனேன். அவள் உள்ளறையில் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. அங்கிள்தான் வந்து பூவை வாங்கிக்கொண்டார். போகத் திரும்பியவளை நிறுத்தினார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? நேற்று என்ர கால் போனதைக் கண்டனீ. அது சரி. வேற என்னத்தைக் கண்டனீ?"

திட்டப்போகிறார் என்று பயந்தேன். ஆனால் அவர் குரல் டியூஷன் பையன்களிடம் விடையைச் சரிபார்க்கிற குரல் மாதிரி இருந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"கைதட்டும்போது நீங்க கொஞ்சம் லேட்டு, அங்கிள். எல்லாரும் தட்டுறாங்களான்னு பாத்துட்டுத் தட்டுனீங்க. அவுட்டானா உச்சுக்கொட்டுறது மட்டும் சீக்கிரமா கொட்டிட்டீங்க. அப்பறம், அவங்க அடிக்கறப்ப கண்ணு சிமிட்டவே இல்ல."

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "வடிவாப் பாத்திருக்கிறாய்" என்றார். பெரியவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்ட பெருமையோடு படியிறங்கினேன்.

இரண்டு மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். டியூஷன் சென்டருக்குப் பக்கமாக இருந்தால் வசதி என்றார்கள். பீரோவை இறக்கவும் சித்தப்பாதான் கை கொடுத்தார். எதற்காகப் போகிறார்கள் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "அன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னதுதான அண்ணி" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். லாரி கிளம்பும்போது தர்ஷிகா முன்னால் அவள் அம்மா மடியில் இருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு ஈயம் பூச வந்த ஒருவர் அப்பாவிடம் ஒரு செய்தி சொன்னார். அவர்கள் குடிபோன தெருவில்தான் அவரும் இருந்தார். புது வீட்டுக்காரரிடம் சொந்த ஊர் நாகர்கோவில் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவர்கள் பேச்சை வைத்துத் தெருவில் எல்லோரும் அதை நம்பியும் விட்டார்களாம். அன்றிரவு சாப்பிடும்போது அப்பா அதைச் சொன்னதும் அம்மா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அந்தச் செய்தியில் சந்தோஷம்தான். பொய் சொல்கிற குடும்பம் என்று நாங்கள் சந்தேகப்பட்டது கடைசியில் சரியாகப் போயிற்றே என்று, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.