அவள் கார்டைத் தேய்க்கும்போது

சட்டைப் பையில் செல்போன் ஒருமுறை அதிர்ந்தால் போதும், அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டைப் பழுது பார்க்கும் லிஃப்ட்காரர் கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் மூக்கு நுனியால் திரையைத் தொட்டுத் திறப்பார். படித்துவிட்டு, "வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கா" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

வீட்டுக்காரி இருப்பதோ கடல் கடந்த தேசத்தில். மகளின் பிரசவத்துக்குப் போனவள். மாப்பிள்ளையிடம் கை நீட்டுகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. அதனால் கிளம்புமுன் இவர் பணத்தை அந்த ஊர்ப் பணமாக மாற்றி ஒரு கார்டில் போட்டுக் கொடுத்தார். கடையில் தேய்த்தால் அதிலிருந்து கழியும். அவளுடைய போன் நம்பர் அங்கே வேலை செய்யாது என்பதால் விண்ணப்பத்தில் தன் நம்பரை எழுதினார். அங்கே அவள் தேய்க்க, இங்கே இவர் பைக்குள் செய்தி வந்து விழுகிறது.

முதல் வாரம் ஒவ்வொரு தொகையையும் உள்ளூர்க் கணக்குக்குப் பெருக்கிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதை விட்டுவிட்டார். இப்போது கடையின் பெயர் மட்டும்தான். வாயில் நுழையாத பெயரென்றால் நாலாம் மாடி டீச்சரம்மாவிடம் காட்டுவார். "இது குடைக்கடைங்க" என்று ஒருநாள் அந்த அம்மாள் சொன்னதும், படிக்கட்டிலேயே நின்று மகள் நம்பருக்குப் போட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"மழையில நனைஞ்சிட்டியா?"

"அய்யோ, உங்களுக்கு யாருங்க சொன்னா?"

இவர் சொல்லவில்லை. சிரித்து மழுப்பிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தபோது, பையோடு வந்தவளிடம் என்ன வாங்கினாய் என்று ஒருநாளும் கேட்டவரில்லை. இருபது மாடிக்கு ஆளை ஏற்றி இறக்கத் தெரிந்தவருக்கு வீட்டில் மட்டும் பேச்சு ஏறாது.

ஒரு வியாழக்கிழமை நீச்சல் குளத்திலிருந்து செய்தி வந்தது. அடுத்த வியாழனும் வந்தது. டீச்சரம்மா தப்பாகப் படித்திருப்பார் என்றே நினைத்தார். "ஆத்துப் பாலத்துல பஸ் போனாலே கண்ணை மூடிக்கிறவ டீச்சரம்மா அவ!" மனைவியிடம் கேட்டபோது அவள் வெட்கத்தோடு சொன்னாள்: "பக்கத்து வீட்டம்மா இழுத்துட்டுப் போனாங்க. காலை மட்டும்தான் நனைச்சேன்." அதற்கடுத்த வாரம், "இடுப்பளவு இறங்கிட்டேன், தெரியுமா?" என்றாள். அந்தக் குரலை இவர் கேட்டதே இல்லை. அன்று மதியம் முழுக்க லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் நான்கு நாள் செய்தியே இல்லை. இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார். நான்காம் நாள் தாங்கவில்லை.

"கார்டைத் தொலைச்சிட்டியா?"

"இல்லீங்க. காய்ச்சல். வெளியவே போகல."

"அதை ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?" என்று எரிந்து விழுந்தார். பிறகு மெதுவாக, "மாத்திரை போட்டியா?" என்றார்.

போன வாரம் மகள் பேசினாள். "அப்பா, நான் வேலைக்குத் திரும்பணும். குழந்தையைப் பாத்துக்க ஆளில்ல. அம்மா இன்னும் மூணு மாசம் இருக்கட்டுமா?"

போன் கைமாறியது. "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்" என்றாள் மனைவி. குரலில் எந்தப் பக்கச் சாய்வும் இல்லை. வா என்று ஒரு சொல் சொன்னால் வந்துவிடுவாள்.

"இருந்துட்டு வா. எனக்கென்ன, சமைச்சுக்கத் தெரியாதா?" என்றார் லிஃப்ட்காரர். போனை வைத்த பிறகு அடுப்பில் உலை காய்ந்து தீய்ந்த வாசனை வந்தது.

கார்டில் மிச்சம் சொற்பம். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பணம் மாற்றும் அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி கேட்டாள்: "எத்தனை மாசச் செலவுக்குப் போடணும், சார்?"

"மூணு" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேசைமேல் அவர் நீட்டிய வலது கையில் ஒரு விரல்தான் நிமிர்ந்திருந்தது. "ஒண்ணா சார், மூணா?"

லிஃப்ட்காரர் தன் கையைப் பார்த்தார். இடது கையால் மடங்கிக் கிடந்த விரல்களில் இன்னும் இரண்டை, ஒன்றன்பின் ஒன்றாக, நிமிர்த்திவிட்டார்.