கரையில் பிடித்து நிறுத்துகிறவள்

கடலோர ஊரான பூந்தா லிம்பியாவின் சந்தையில் பல வருஷம் மீன் விற்றதில் காசில்தா நொயோலாவுக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான். அலை இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். அவள் புருஷன் எவென்சியோ, சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றிப்போய் ஆமை காட்டுகிறவன். ஒரு மழைக்காலத்தில், கடலில் இறங்கக் கூடாது என்று சிவப்புக் கொடி ஏற்றியிருந்த நாளில், வெளியூர்க்காரன் ஒருவன் கடலின் இழுப்பில் மாட்டிக்கொண்டு அலறினான். எவென்சியோ சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தான். வெளியூர்க்காரனை அலையே கொண்டுவந்து மணலில் தள்ளியது. எவென்சியோவின் உடல் மறுநாள்தான் கிடைத்தது.

அதன்பிறகு வெகுநாள் அவள் வெளியூர்க்காரர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடற்கரைப் பக்கமே போகாமல் இருந்தவளை, உயிர்காப்புக் குழுவின் தலைவர் அபுந்தியோதான் வந்து கூப்பிட்டார். புனித வார விடுமுறைக்குக் கடற்கரையில் கூட்டம் குவியும்போது அவருடைய ஆட்களுக்குச் சமைத்துப் போட வேண்டும்.

வறுத்த மீனும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனவள், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசியதைக் கேட்டாள். முதலில் மாட்டினவரைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறார்கள். பின்னாலேயே குதிக்கிற அப்பனும் அண்ணனும்தான் போய்விடுகிறார்கள்.

"அவங்கள யாரும் பிடிச்சு நிறுத்தறதில்லையா?" என்று கேட்டாள்.

"நாங்க தண்ணிக்குள்ள இருப்போம் காசில்தா. கரையில யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

அபுந்தியோ சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த வருஷமே, நாற்பது வயதுக்கு மேல், நீச்சல் கற்றுக்கொண்டாள். மூக்கில் தண்ணீர் ஏறி வாந்தி எடுத்தாள். மறுநாளும் போய் இறங்கினாள். ஆனால் அவள் வேலை கடலுக்குள் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, கரையில் நிற்கிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

ஒரு வருஷம் பெரிய வெள்ளியன்று, கடலே இல்லாத தொலூக்காவிலிருந்து கில்தார்தோ என்றொரு கசாப்புக் கடைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். தூண் மாதிரி ஆள். கொடியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று காசில்தா சொன்னதற்கு, "முட்டியளவு தண்ணிதானேம்மா, எருமையா முழுகப்போகுது?" என்றார்.

"எருமைக்கு நாலு காலு இருக்குய்யா. உங்களுக்கு ரெண்டுதான்" என்றாள் அவள். குடும்பமே சிரித்தது. ஆனாலும் இறங்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மூத்த மகள் யரேத்சியின் காலடி மணல் சரிந்து, இழுப்பு அவளை அலைக்கு அப்பால் கொண்டுபோனது. காசில்தா விசில் ஊதினாள். உயிர்காப்பாளன் தோபியாஸ் மிதவையோடு பாய்ந்தான். அதே நொடியில் அப்பனும் ஓடினார். அவள் குறுக்கே விழுந்து அவர் இடுப்பு வாரைப் பற்றினாள். அவர் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்.

"விடுடீ. எம் பொண்ணுடீ அது."

"நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

அவர் திமிறினார். முழங்கையால் அவள் வாயில் ஓர் இடி. உதடு கிழிந்தது. அவள் வாரை விடவில்லை.

"நீங்க போனா தோபியாஸ் ஒருத்தன் ரெண்டு பேரைத் தூக்கணும். யாரை விடச் சொல்றீங்க? சொல்லுங்கய்யா, உங்களையா, பொண்ணையா?"

அவர் நின்றார். சும்மா நிறுத்திவைத்தால் மறுபடி பாய்வார் என்று அவளுக்குத் தெரியும். அவரைக் கடலுக்கு நேராகத் திருப்பினாள்.

"அவ இழுப்புக்கு எதிரா கரையைப் பாத்து நீந்துறா, அதான் களைச்சுப் போறா. இந்தக் கூட்டத்துல உங்களைத்தான் அவ அடையாளம் கண்டுபிடிப்பா. ரெண்டு கையையும் தூக்கி அந்தப் பாறைப் பக்கம் காட்டுங்க. பக்கவாட்டுல போகச் சொல்லுங்க."

அந்தப் பெரிய உருவம் இரண்டு கைகளையும் தூக்கிப் பாறைப் பக்கம் வீசி வீசிக் காட்டியது. காசில்தா தன் சந்தைக் குரலில், "கரைக்கு நீந்தாதே கண்ணு, மல்லாந்து பாறைப் பக்கமா மித" என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். எது எட்டியதோ, அந்தப் பெண் கை அடிப்பதை நிறுத்தினாள். மல்லாந்தாள். காலை மட்டும் அடித்துப் பாறைப் பக்கமாக மெல்ல நகர்ந்தாள். தோபியாஸ் அவளை எட்டிப் பிடித்து மிதவையில் போட்டான்.

மகள் மணலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்க, கில்தார்தோ காசில்தாவின் உதட்டைப் பார்த்தார். "நானா அடிச்சேன்?"

"மாடு வெட்டுற கையாச்சே. பல்லு தப்புனதே பெரிசு."

அவர் அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. கூட்டம் கலைந்தபின் உயிர்காப்பாளர் கொட்டகைக்குள் போய் வெறும் தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு எவென்சியோவின் சட்டையைப் பிடிக்க ஒரு கை இருந்திருந்தால் என்று நினைத்தாள். இத்தனை வருஷமும் அந்த நினைப்பு வந்தால் யார்மேலாவது கோபம் வரும். இப்போது யார்மேலும் வரவில்லை.

இன்று அந்தக் கரையில் அவளைப் போல நான்கு பெண்கள் நிற்கிறார்கள். எல்லாரும் சந்தையில் கூவி விற்றவர்கள். ஆளைப் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவள் காசில்தா. தோளைத் தொடாதே, இடுப்பைப் பிடி. அழ விடு, ஆனால் கைக்கு ஒரு வேலை கொடு. அபுந்தியோ அவளைப் பற்றிப் பேசினால் ஒன்றைத்தான் சொல்வார்: "நாங்க தண்ணியில தூக்கினவங்களை எண்ணிடலாம். அவ தண்ணிக்கே விடாதவங்களை எப்படி எண்ணுறது?"

அவள் காதில் அது விழுவதில்லை. அந்த நேரத்தில் யாராவது ஒருத்தன் கொடியைத் தாண்டிக் கால் வைத்திருப்பான். அவள் அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பாள்.