நாத்தனாரின் மூக்கு

அந்தத் தெருவில் அவளுக்கு அல்வாக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வங்கிக் கணக்கிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மட்டும்தான் உயிரோடு இருந்தது. அல்வா கொடுப்பது என்றால் ஆளை ஏமாற்றுவது என்று உலகமே அர்த்தம் பண்ணிவைத்திருக்க, சொன்ன நேரத்துக்குச் சொன்ன பலகாரத்தைக் கொண்டுபோய் இறக்குகிற ஒருத்திக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததே என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"முதல் அல்வா எனக்குத்தான் குடுத்தா, கல்யாணத்தன்னிக்கு" என்பார்.

"யார் யாருக்குக் குடுத்ததுன்னு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல அந்த அண்டாவைப் பிடிங்க" என்பாள் அவள்.

அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். வீட்டின் முன்னறை அவருக்கு. பிரித்துப்போட்ட மோட்டார்களும் செம்புக் கம்பிச் சுருள்களுமாகக் கிடக்கும். பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை அவளுக்கு. இரண்டு பெரிய கேஸ் அடுப்பு, அடி கனத்த உருளி, தோசைத் திருப்பிக்குப் பெரிய அண்ணன் மாதிரி ஒரு நீளத் துடுப்பு, பூந்தி தேய்க்கும் ஓட்டைக் கரண்டிகள், மைசூர்பாகு ஆறப்போடும் தட்டுகள். கொட்டகையின் ஜன்னல் பின்சந்தைப் பார்த்து இருந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதன் மூன்றாவது மாடியில், துணி காயப்போடுகிற பால்கனி வீடு அவளுடைய நாத்தனாருடையது.

அல்வாக்கா பலகாரத் தொழிலுக்கு வந்ததே ஒரு துணிச்சலில்தான். கல்யாணமான புதிதில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பண்டிகைக்கு முந்தின நாள் இனிப்பு போடுகிறவர் வரவில்லை. "யாருக்காவது லட்டு பிடிக்கத் தெரியுமா?" என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, பார்த்திருக்கிறோமே என்ற தைரியத்தில் கையைத் தூக்கிவிட்டாள். பாகு பதம் தப்பிப்போய், பிடித்த லட்டெல்லாம் கையிலேயே உதிர்ந்தது. அவள் அசரவில்லை. உதிர்ந்ததைக் கிண்ணங்களில் அள்ளி, முந்திரி தூவி, "இன்னிக்கு இனிப்புப் பூந்தி" என்று அறிவித்துவிட்டாள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். அன்றைக்கு அந்த மேற்பார்வையாளர் திட்டியிருந்தால் நான் இன்னும் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருப்பேன் என்று இப்போதும் சொல்வாள். அதன்பிறகு ஒரு நிச்சயதார்த்தம், ஒரு பிறந்தநாள், ஒரு வீடு குடிபோகுதல் என்று வாய்மொழியாகவே வேலை வளர்ந்தது. உள்ளூரில் எந்தப் பண்டிகை வந்தாலும் அதற்கு முந்தின வாரம் அவள் கொட்டகையில் அடுப்பு அணையாது.

நாத்தனாரோடு பேச்சு நின்றதும் ஒரு விசேஷத்தில்தான். நாத்தனாருக்கு ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனை வேலை. அவள் பையனுடைய முதல் பிறந்தநாளுக்கு அண்ணியிடம் சொல்லாமல் கடையில் இனிப்பு வாங்கிவிட்டாள். கேட்டதற்கு, "கடையில வாங்கினா பெட்டி அழகா இருக்கும் அண்ணி. என்கூட வேலை பாக்கிறவங்கல்லாம் வர்றாங்க இல்ல?" என்றாள்.

"அப்போ பெட்டியையே தின்னச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அல்வாக்கா வந்துவிட்டாள்.

அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பையன் மீசை முளைத்து வேலைக்குப் போகிறவரைக்கும் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நல்லது கெட்டது எல்லாம் நடுவில் இருந்தவர் வழியாகத்தான். "உங்க தங்கச்சிகிட்டச் சொல்லிடுங்க" என்று இவளும், "உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடு அண்ணே" என்று அவளும் சொல்ல, அந்த மனுஷன் தபால்காரர் மாதிரி சந்தைக் கடந்து போய்வருவார்.

அந்த வருஷம் அல்வாக்காவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்து தேறி எழுந்தாள். எழுந்தபின் காபி வெந்நீர் மாதிரி இருந்தது. நாக்கு செத்துப்போயிருக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலை. நெய் உருக்குவதற்காக அடுப்பில் வெண்ணெயை வைத்துவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். வெண்ணெய் உருகி, சலசலப்பு அடங்கி, நெய்யாகிற அந்த நொடியில் ஒரு வாசனை வந்து முதுகைத் தட்டும். அவள் எழுந்துபோய் அடுப்பை அணைப்பாள். அன்றைக்கு எதுவும் வந்து தட்டவில்லை.

பின்கதவு படாரென்று திறந்தது. தலை சீவாமல், செருப்பு போடாமல், மூச்சு இரைக்க நின்றது நாத்தனார். அவள் பார்வை முதலில் அடுப்புக்குப் போகவில்லை, அண்ணியிடம்தான் வந்தது. தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தாள். அதற்குள் உருளியில் நெய் கருகிப் புகை கூரையைத் தொட்டிருந்தது. அல்வாக்கா திரும்பிப் பார்த்து அப்படியே உறைந்துபோனாள். புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"நீ எங்கே இங்கே?" என்றுதான் இவளால் கேட்க முடிந்தது.

"மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். கருகின வாசனை வந்தது. உங்க அடுப்புல ஒருநாளும் நெய் கருகாதே! கருகுதுன்னா நீங்க மயங்கி விழுந்து கிடக்கணும். அதான் ஓடி வந்தேன்."

அல்வாக்கா கருகிய உருளியைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். பேசாமலே இருந்த ஒருத்தி, மூன்று மாடி படியிறங்கி ஓடிவந்து சொன்ன இந்த வார்த்தைக்கு ஈடாக ஒன்றும் இல்லை. அருகில் கிடந்த ஏலக்காயை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தாள். காய்ந்த தூசி மாதிரி இருந்தது. தூசிக்காவது ஒரு வாசனை உண்டு.

"எனக்கு வாசனையே தெரியலடீ" என்றாள். சொன்னபிறகுதான் அழுகை வந்தது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் நாத்தனார்தான். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பி வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கிராம்பு, எலுமிச்சை, காபித்தூள் என்று தெரிந்த வாசனைகளைத் தினமும் முகர்ந்து மூக்கைப் பழக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் தெருக்கோடித் தையல்காரர் வீட்டுக் கல்யாணம் இருந்தது. அல்வா, லட்டு, மைசூர்பாகு எல்லாம் அவள் பொறுப்பு. வாசனை தெரியாமல் எப்படிப் பலகாரம் செய்வது? கடலைமாவின் பச்சை வாடை போய்விட்டதா, நெய் புதுசா, கோதுமைப்பால் அதிகமாகப் புளித்துவிட்டதா எல்லாம் மூக்கு சொல்ல வேண்டியவை. ஒப்புக்கொண்ட வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தையல்காரர் கடைக்குப் போனாள். நாத்தனாரும் கூடவே வந்தாள்.

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, எனக்கு ஊசியில நூல் கோக்க வராமப் போய் ரொம்ப நாளாச்சு. வீட்டுக்காரிதான் காலையில ஒரு டஜன் ஊசி கோத்து ஊசிமெத்தையில குத்தி வச்சுட்டுப் போறா. அதுக்காக யாரும் துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போகல. நீங்களும் ஒரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கோங்க. என் பொண்ணு கல்யாணத்துக்கு வேற பலகாரம் வேண்டாம்."

"யாரை வச்சுக்கிறது?" என்றாள் அல்வாக்கா.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் நாத்தனார். "எங்க வீட்டுல எல்லாரும் சொல்றதுதானே, எல்லா விஷயத்திலயும் மூக்கை நுழைக்கிறேன்னு. இதுல நுழைச்சா என்ன?"

அன்றைக்கே துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின இரண்டு நாளும் கொட்டகை ஒரு கூத்துமேடை மாதிரி இருந்தது. கடையிலிருந்து வந்த புது நெய் டின்னைத் திறந்ததும் நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். "இது வேண்டாம் அண்ணி. பழசு." சீல் பிரிக்காத டின், நிறமும் மணல் மணலான பதமும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. வீட்டுக்காரரும் முகர்ந்து பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். "உனக்கு மோட்டார் ஆயில்தான் வாசனை" என்று தங்கை அவரை அடக்கிவிட்டாள். அல்வாக்கா ஒரு கணம்தான் யோசித்தாள். டின்னைத் திருப்பி அனுப்பினாள். கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார். ஒரு கரண்டி நெய்யைச் சூடுபண்ணி முகர்ந்தபிறகு மறுபேச்சுப் பேசாமல் வேறு டின் கொடுத்தார்.

ஆனால் அல்வா கிளறும்போது கதை மாறியது. கோதுமைப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதித்து, நெய்யை வாங்கி வாங்கிக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. "போதும் அண்ணி, இறக்குங்க! வாசனை தூக்குது" என்று குதித்தாள் நாத்தனார். அல்வாக்கா துடுப்பை விடவில்லை. குடித்த நெய்யை அல்வா இன்னும் கக்கவில்லை. துடுப்பை இழுத்தால் உருளியின் அடி தெரிந்து, மறுபடி மெதுவாக மூடிக்கொண்டது. பதம் வந்துவிட்டால் அப்படி மூடக் கூடாது.

"வாசனை உனக்கு. பதம் எனக்கு. பேசாம நில்லு."

தோள் கழன்றுபோகிற அளவுக்குக் கிளறியபின் ஓரமெல்லாம் நெய் பிரிந்து, அல்வா துடுப்போடு சுருண்டு எழுந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. மூக்கு போனதால் தொழிலே போய்விட்டது என்று அழுதோமே, கையும் கண்ணும் காதும் எங்கேயும் போகவில்லையே. இந்த உடம்பில் இத்தனை பேர் கூலியில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் நின்றவள் ஒரு துண்டை ஊதி ஊதி வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"எப்படி இருக்கு?"

நாத்தனார் மெதுவாக மென்று விழுங்கினாள். கண்ணைத் திறந்தபோது அது ஈரமாக இருந்தது.

"அண்ணி, என் பையன் பொறந்தநாளுக்கு இதை வாங்காம விட்டேனே, எனக்கு அறிவு இருந்திருக்கா?"

"பெட்டி அழகா இருந்ததே" என்றாள் அல்வாக்கா. இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பிக்க, முன்னறையிலிருந்தவர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்.

கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி இனிப்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தையல்காரர், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இரண்டு பெண்களையும் நிற்கவைத்து, "இவங்க செஞ்சதுதான்" என்றார். இவங்க என்று அவர் சொன்னது ஒருத்தியை இல்லை என்பதே நாத்தனாருக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அண்ணனையும் அண்ணியையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று மாடி ஏறி அந்த வீட்டுக்குள் அல்வாக்கா நுழைந்து எத்தனை வருஷமாயிற்று! சாப்பாட்டின் முடிவில் நாத்தனார் தன் கையால் கிளறிய கேசரியைக் கொண்டுவந்து வைத்தாள். வாசனை பிடிக்கத் தெரிந்த அவளுக்குச் சமைக்கத் தெரியாது. ரவை வறுபடவில்லை, கட்டி கட்டியாக இருந்தது, அடியும் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் ஒரு வாய் போட்டுவிட்டுத் தண்ணீர் டம்ளரைத் தேடினார். அல்வாக்கா மட்டும் ஒரு துளி விடாமல் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வை என்றாள்.

"நிஜமாவா அண்ணி?"

"சூடா இருக்கு, மெத்துன்னு இருக்கு, நீ செஞ்சு போடுறே. எனக்கு வேற என்ன தெரியப்போகுது? வை."

கிராம்பும் எலுமிச்சையும் முகர்கிற வேலை நிற்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் நாத்தனார் கொட்டகைக்கு வந்து, அண்ணியின் கண்ணைப் பொத்தி, மூக்கருகே ஒன்றை நீட்டி "இது என்ன?" என்பாள். "கிராம்பு" என்று குத்துமதிப்பாகச் சொல்வாள் இவள். "காபித்தூள்" என்று உதட்டைப் பிதுக்குவாள் அவள். மாதங்கள் போயின. இடையில் வந்த பண்டிகைகள், ஒரு வளைகாப்பு, ஒரு அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றையும் இரண்டு பேருமாகவே செய்து முடித்தார்கள். அல்வாக்காவின் மனசு கொஞ்சம் கொஞ்சமாக அதற்கே பழகிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் மைசூர்பாகுக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் குனிந்து உருளிக்குள் மூக்கை நீட்டினாள். அவள் பின்னல் அல்வாக்காவின் முகத்தில் உரசியது. அல்வாக்காவின் கை நின்றது.

"தலையில என்ன எண்ணெய் வச்சிருக்கே?"

"அதே தேங்காயெண்ணெய்தான். ஏன்?"

"சிக்கு நாத்தம் அடிக்குதுடீ."

நாத்தனார் கோபப்பட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு "அண்ணே!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அல்வாக்கா அவள் பின்னலைப் பிடித்து மறுபடி மறுபடி முகர்ந்தாள். இத்தனை பலகாரம் செய்த வீட்டில், திரும்பி வந்த முதல் வாசனை அது. அன்றைக்கு மாவு கருகிப்போனது, யாரும் கவலைப்படவில்லை.

முழுசாக இன்னும் வரவில்லை. ஏலக்காய் வந்துவிட்டது, நெய் வந்துவிட்டது. ரோஜாத் தண்ணீர் மட்டும் ஏனோ வர மறுக்கிறது. ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் "இப்போ எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டால், "பாதி என்னுது, பாதி என் நாத்தனாருது" என்கிறாள். நாத்தனார் துணிக்கடை வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு, மீதி அரை நாள் கொட்டகையில் இருக்கிறாள். கேசரி கிளறுவதற்கு மட்டும் அவளை இன்னும் விடுவதில்லை.