இடது கை ஆசீர்வாதம்

அமெரிக்காவின் காப்பெல் ஊரில் என் மனைவி கிருபாராணிக்கு வேலை, பல் கிளினிக்கில் கறை சுரண்டுவது. 1998இல் அவளுக்குத் திடீரென்று செப்புத் தகட்டுப் பைத்தியம் பிடித்தது. மியூசியத்தில் நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியப் படங்களைப் பார்த்துவிட்டாள். தகட்டில் உளியால் கோடு கீறி, மை தேய்த்து, காகிதத்தில் அழுத்தி எடுத்த முகங்கள். தாடி மயிரைக்கூட எண்ணலாம்.

"பல்லையே சுரண்டுற கைக்குத் தகடு என்னங்க பெரிய விஷயம்?" என்று காலேஜில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். என்னை யார் கேட்டார்கள்?

அதோடு விட்டாளா? எங்கள் தமிழ்ச் சபையின் பாஸ்டர் சத்தியசீலன் ரிட்டையராகப் போகிறார் என்றதும், பெண்கள் சங்கத்தில் எழுந்து நின்று, ஐயாவின் படத்தைச் செதுக்கி நாற்பது குடும்பத்துக்கும் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். அவளை நம்பி வேறு பரிசே யாரும் வாங்கவில்லை.

இரண்டு மாதம் சாப்பாட்டு மேஜை அவள் வசம். நான் சோபாவில் தட்டோடு கிடந்தேன். படத்துக்குக் கீழே ஐயாவின் பெயரைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்கினாள். அச்சில் நேராக வரவேண்டுமே. படத்தைத் திருப்ப மட்டும் மறந்துவிட்டாள். பிரிவு விழாவுக்கு முந்தின சனிக்கிழமை காலேஜ் பிரஸ்ஸில் முதல் காகிதத்தை உரித்தால், பாஸ்டர் இடது கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறார்!

வாத்தியாரம்மா ஒரு பழைய வழி சொன்னார். ஈர அச்சின்மேல் இன்னொரு காகிதம் வைத்து அழுத்தினோம். கை வலது ஆனது, பெயர் திரும்பிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முறைத்தாள், பிறகு அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள்.

"நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சர்ச்சுக்குப் போவேன், சைலஸ்?"

பெயராவது சரியாக இருக்கட்டும் என்று இடது கையோடே நாற்பது பிரதி எடுத்தோம்.

ஞாயிறன்று படங்கள் கைமாறின. "ஏம்மா, இடது கையாலயா ஆசீர்வாதம்?" என்றார் ரெபெக்கா ஆன்ட்டி. "மச்சம்கூட அந்தப் பக்கம் போயிடுச்சே. ஐயா மாதிரியே இல்ல." கிருபாராணி என் கையை நெரித்தாள்.

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது அசல் நான்தான். தினம் காலையில இந்த ஆளைத்தான் பாக்குறேன். பாத்ரூம் கண்ணாடி முன்னாடி கையைத் தூக்கிப் பிரசங்கத்தை ப்ராக்டிஸ் பண்ணுவேன்ல."

முன்வரிசையிலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "முப்பது வருஷமா உள்ள ஜெபம் பண்றீங்கன்னுல்ல நெனச்சேன்."

சபை முழுக்க வெடித்துச் சிரித்தது. கிருபாராணி என் கையை விட்டாள்.