இடது தோளுக்கு ஒரு துவக்குப்பிடி

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் உள்ள என் தையல்கடையின் வெட்டுமேசையில், பட்டு ரவிக்கைத் துண்டுகளுக்கு நடுவே, ஒரு துவக்குப்பிடி கிடந்தது. குழல் இல்லை, விசை இல்லை, சுடுகிற பகுதி எதுவுமே இல்லை. தோளிலும் கன்னத்திலும் அணைத்துப் பிடிக்கிற மரப்பாகம் மட்டும். குளிக்கிற துவாயில் சுற்றி, மரக்கறிப் பையில் வைத்து, மெற்றோவில் கொண்டுவந்திருந்தார் மச்சாள். கலியாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண் வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவசரமாக அதன் மேல் ஒரு துணியை இழுத்துவிட்டேன். மச்சாள் துணியை விலக்கினார்.

"நீர்தானே என்ரை அளவெல்லாம் எடுக்கிறனீர். முழங்கை மடிப்பிலையிருந்து சுட்டுவிரல் மட்டும் அளந்து சொல்லும். இடது கை" என்றார்.

மச்சாள் என் கணவரின் தமக்கை. நான் இந்த நகரத்துக்கு மணப்பெண்ணாக வந்து இறங்கியபோது எனக்கு முதலில் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவர். அவருக்கு ரவிக்கை தைப்பவள் அன்றிலிருந்து நான்தான். அவருடைய வலது தோள் இடதைவிடத் தாழ்ந்து, முன்பக்கம் ஒரு குழியாக உள்வாங்கியிருக்கும். அந்தக் குழிக்கு உள்ளே இரும்புத் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. வன்னியில் போரின் கடைசி மாதங்களிலிருந்து வந்தவர்களிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்களுக்குள் இல்லை. நான் தோளுக்குள் மெல்லிய பஞ்சுத்துணியை மடித்து வைத்துத் தைப்பேன். புடைவை கட்டினால் இரண்டு தோளும் ஒன்றுபோலத் தெரியும். அவர் கண்ணாடியில் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போவார். ஒருவரின் உடம்பை இத்தனை வருடம் அளந்தும் அந்த உடம்புக்கு நடந்ததை அறியாமல் இருக்க முடியும். தையற்காரிகளுக்கு அது புதிதல்ல.

அவருக்கு வேலை நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெயில், நகரசபையின் விளையாட்டு மண்டப வரவேற்பு மேசையில். அந்த மண்டபத்துக்குக் கீழே, நிலத்துக்கு அடியில், குறிபார்த்துச் சுடும் சங்கம் ஒன்றின் சுடுகூடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் கீழிருந்து சத்தம் வரும். தடித்த சுவர்களைத் தாண்டி வருவதால், யாரோ பலகையில் ஆணி அடிப்பதுபோலத்தான் கேட்கும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மச்சாளுக்கு அப்படிக் கேட்கவில்லை. முதல் சத்தம் வந்ததும் மேசையை விட்டு எழுந்து வெளியே போய், குளிரென்றாலும் மழையென்றாலும், வாகனத் தரிப்பிடத்தில் நின்றுவிட்டு வருவாராம். வேலையை மாற்றித் தரும்படி கேட்பதற்கும் மனம் வரவில்லை. ஏன் என்று அவர்கள் கேட்பார்களே.

ஒரு சனிக்கிழமை அவர் வெளியே போகவில்லை. படியில் இறங்கிக் கீழே போனார். என்ன நினைத்து இறங்கினார் என்று பிறகு நான் கேட்டபோது, ஒவ்வொரு கிழமையும் மழையில் நனைந்து அலுத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். கீழே சங்கத் தலைவியான ஒரு பிரெஞ்சுப் பெண் காதுக்கு மூடி கொடுத்து, கதிரையைக் காட்டி, விரும்பினால் இருந்து பார்க்கலாம் என்றிருக்கிறார். மச்சாள் போய் இருந்தார். அடுத்த கிழமையும் இருந்தார். பிறகு, தானும் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். வைத்தியரின் சான்றிதழ், சங்கத்தின் லிசான்ஸ் என்கிற அனுமதி அட்டை எல்லாம் எடுத்து முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். குடும்பமே திகைத்துப் போனது. நாங்கள் எதிலிருந்து ஓடி வந்தோமோ அதை ஒருவர் காசு கட்டிப் படிப்பதா என்று என் கணவர் கேட்டார். மச்சாள் கோபிக்கவில்லை.

"நான் சுடேக்கை எனக்குப் பயம் வாறேல்லை. சத்தம் எப்ப வரும் எண்டு எனக்குத்தானே தெரியும்" என்றார்.



வலது தோளில் எதையும் அழுத்த முடியாததால் அவர் இடது தோளில் வைத்துச் சுடப் பழகினார். மேசைக்கு முன்னால் இருந்து, துவக்கின் முன்பக்கத்தை மணல்பையில் தாங்கவைத்துச் சுடுகிற முறை அது. விசையை இடது கை இழுக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாள்போல ஒன்றைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளவேண்டும். அந்த வேலை வலது கைக்கு. பலவீனமான கைக்கும் ஒரு பங்கு கிடைத்ததில் அவருக்குச் சந்தோசம். சொந்தமாக வாங்கிய பழைய துவக்கின் குழலும் தாழ்ப்பாளும் அருமையானவை என்று சங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். பிடிதான் சரிவரவில்லை. அது உயரமான, வலது கைப்பழக்கமுள்ள ஆணுக்காகச் செய்யப்பட்டது. கன்னம் வைக்கிற மேடு மற்றப் பக்கத்தில் இருந்தது. நீளமும் அதிகம். கழுத்தை நீட்டி, தலையைச் சரித்து, அந்நியர் வீட்டுக் கதிரையில் இருப்பதுபோல அதோடு இருக்கவேண்டும். பிடியை மட்டும் கழற்றி வேறொன்று பூட்டலாம் என்று சங்கத் தலைவி சொன்னார். அதற்குத்தான் அளவு.

நான் அளந்தேன். துவக்குப்பிடியையும் அளந்தேன். பெரியவரின் சட்டையை ஒரு பிள்ளைக்குப் போட்டதுபோல இருந்தது வித்தியாசம்.

மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். என் கடைக்கு மூன்று கதவு தள்ளி மரக்கறிக் கடையில் வேலை செய்கிறார். மென்மையான மனிதர். ஊரில் ஒருமுறை அவரைத் தெருவில் முழந்தாளில் இருத்தி வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே கறுப்பாக ஒன்று இருந்தது என்று மட்டும் சொல்வார்; பிடித்திருந்தது யார் என்று சொல்லமாட்டார். மனைவி சுடப் போவதை அவர் தடுக்கவில்லை. நாங்கள் பிடி வாங்கப் புறப்பட்ட அன்று, கத்தரிக்காய்ப் பெட்டியைத் தூக்கியபடியே வாசலுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"மரத்திலை எடும். கறுப்பு மட்டும் வேண்டாம்."

மச்சாள் ஓம் என்றார்.

துவக்குக் கடை ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துக்கு அந்தப் பக்கம், ஒரு சிறிய தெருவில் இருந்தது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்த நடுவயதுக்காரர். நான் எழுதிக் கொண்டுபோன அளவைப் பார்த்து, நல்லது என்று சொல்லிவிட்டு, முதலில் வால்நட் மரத்தில் செய்த இடக்கைப் பிடி ஒன்றை எடுத்து வைத்தார். குறிபார்க்க வசதியாக, கடையில் இருந்த குழல் ஒன்றை ஒவ்வொரு பிடியிலும் பூட்டித்தான் தந்தார். அப்படியொரு மரத்தை நான் அதற்கு முன் தொட்டதில்லை. தேன் நிறத்தில் ரேகைகள் ஓடி, ஓரிடத்தில் சுழித்து, மறுபடி விரிந்தன. மச்சாள் அதைத் தடவிக்கொண்டே நின்றார். கடைக்காரர், கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள், வசதியாக இருக்கிறது என்று தோன்றியதும் கண்ணைத் திறவுங்கள் என்றார். திறந்தபோது கண் குறிக்கு மேலால் எங்கோ பார்த்தது. குறியைப் பிடிக்கத் தலையை அமுக்க வேண்டியிருந்தது. அடுத்தது, மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டிச் செய்தது. அதில் நீளத்தை வெட்டிக் குறைக்கலாம். ஆனால் கன்னத்தின் உயரத்தை ஒன்றும் செய்ய முடியாது. மச்சாள் திரும்பவும் முதல் மரத்தை எடுத்தார். பழகினால் சரிவரும் என்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

கடைக்காரர் உள்ளே போய் மூன்றாவது பிடியைக் கொண்டுவந்தார். கறுப்பு. முழுக்க அலுமினியம். கைபிடிக்கிற இடம் தனியே கீழிறங்கி, எலும்புக்கூடு மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் ஒரு காலம் எல்லாச் சந்தியிலும் நின்றவர்களின் கையில் இருந்த உருவம் அது. அவர் மச்சாளின் தோளைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், ஒரு சிறிய திருகைத் திருப்பினார். கன்னம் படுகிற மெத்தை உயர்ந்தது. இன்னொன்றைத் திருப்பினார். தோளில் படுகிற தட்டு பக்கவாட்டில் நகர்ந்தது. பிறகு நீளம். ஒவ்வொரு திருகுக்கும் மச்சாளைக் கண்ணை மூடவைத்து, ஏற்றவைத்து, இறக்கவைத்தார். ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, ஊசி குத்தி, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்க்கிற என் வேலையைத்தான் அவரும் செய்தார்.

கடைசித் தடவை மச்சாள் கண்ணை மூடி அதை ஏற்றினார். நான் பார்த்தேன். இத்தனை வருடம் நான் பஞ்சு வைத்து ஒப்பேற்றிய தோள் தன் பாட்டில் தாழ்ந்து இருந்தது. அதை உயர்த்த அவர் முயலவில்லை. உயர்த்தவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கழுத்து நேராக நின்றது. தாடை தளர்ந்தது. மூச்சு எங்கே போய் எங்கே வருகிறது என்று தெரியவில்லை. பத்துப் பேர் இருக்கிற பந்தியிலும் எந்தப் பக்கமாவது சரிந்துகொண்டே இருக்கிற மச்சாள், கோணலெல்லாம் அப்படியே இருக்க, அசையாமல் இருந்தார். அந்தக் கோணல்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பொருளில் இடம் இருந்தது. கண்ணைத் திறந்தார். குறி நேர் நடுவில் நின்றிருக்கவேண்டும்; அவர் முகமே சொன்னது. கோயில் திரை விலகுகிற கணத்தில் வருகிற ஓர் அமைதி எனக்குள் வந்தது. துவக்கைப் பார்த்து அப்படி வருமென்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அவர் அதை மெதுவாக மேசையில் வைத்தார். வேண்டாம், இது எங்கள் வீட்டுக்கு வராது என்று பிரெஞ்சில் சொன்னார்.

ஏன் என்று கடைக்காரர் கேட்டார். விற்கிறவனின் கேள்வியாக அது இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். மச்சாள் சொன்னார். எங்களில் யாருக்கும் தமிழில் சொல்லாததை, வேலை இடத்துக்காகப் பழகிய எளிய பிரெஞ்சில், சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். என் கையில் பானை இருந்தது. ஷெல் விழுந்தது. எனக்கு முன்னால் நின்றவர்கள் இல்லை. ஒரு பெண் என்னை முதுகில் தூக்கினாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் தோளில் ஒரு கறுப்புத் துவக்கு தொங்கியது. அவள் ஓடும்போது ஒவ்வொரு எட்டுக்கும் அதன் பிடி என் காயத்தில் இடித்தது. தறப்பாள் கட்டிய ஆஸ்பத்திரி வரைக்கும் இடித்துக்கொண்டே வந்தது. என்னை இறக்கி வைத்துவிட்டு அவள் திரும்பி ஓடினாள். அவ்வளவுதான்.

கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிடியை எடுத்துவைக்கிறேன், யாருக்கும் கொடுக்கமாட்டேன், யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

நாங்கள் மேம்பாலத்தின் கீழால் நடந்தே லா சப்பலுக்குத் திரும்பினோம். தலைக்கு மேல் மெற்றோ போனபோது மச்சாள் நின்றார். இரைச்சல் அடங்கியதும் தமிழில் பேசினார்.

"அந்தப் பிள்ளை துவக்கைக் கழட்டி எறிஞ்சிருந்தால் லேசாய் ஓடியிருக்கலாம். எறியேல்லை. என்னையும் எறியேல்லை."

அவருக்குப் பக்கத்தில் நடப்பதே எனக்குப் பெரிய விசயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் கதைத்தபடி எழும்பிப் போன பிறகு, மச்சாள் அண்ணையிடம் அதையே திரும்பவும் சொன்னார். இந்தமுறை தமிழில். தமிழில் அது நீண்டது. பிரெஞ்சில் இல்லாத பேர்களெல்லாம் வந்தன: வரிசையில் முன்னால் நின்றவர்களின் பேர்கள். அண்ணையின் கை சோற்றிலேயே காய்ந்தது.

"அந்தப் பிள்ளையின்ரை பேர் என்ன?" என்று கேட்டார் அண்ணை.

"தெரியாது. கேக்கேல்லை."

அண்ணை எழும்பிப் போய்க் கை கழுவினார். குழாயைப் பூட்டிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

"கறுப்பையே எடும்."

சில மாதம் கழித்து ஒரு போட்டி வந்தது. பெரிய போட்டி ஒன்றுமில்லை, சுற்றுவட்டாரத்துச் சங்கங்கள் சேர்ந்து நடத்துவது. அண்ணை வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, கலியாண வீட்டுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். காதுமூடியை மாட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் பக்கத்தில் இருந்தார். முதல் வெடிக்கு அவருடைய உடம்பு முழுவதும் உதறியது. இரண்டாவதுக்கும் உதறியது. பிறகு அவர் மற்றவர்களை விட்டுவிட்டு மச்சாளை மட்டும் பார்க்கத் தொடங்கினார். மச்சாள் மூச்சை விடுவதை, விரல் மெல்ல மடங்குவதை, வலது கை தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளுவதை. அடுத்த சத்தம் எப்போது வரும் என்று அண்ணைக்கும் தெரியத் தொடங்கியது. அதன் பிறகு அவர் உதறவில்லை.

மச்சாளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பட்டியலின் நடுவில் எங்கோ ஓர் இடம். குறியட்டையைச் சுருட்டிக்கொண்டு, துவக்கின் தாழ்ப்பாளைக் கழற்றி, குண்டு போடும் வாய் திறந்திருக்க மேசையில் கிடத்திவிட்டு எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். சங்கத் தலைவி தலையாட்டி அனுமதித்தார். அண்ணை மேசைக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டார். மச்சாள் அவருடைய கையைப் பிடித்து, கறுப்புப் பிடியின் மேல், கன்னம் வைக்கிற மெத்தையில் வைத்தார்.

"சூடாய்க் கிடக்கு" என்றார் அண்ணை.

"அது என்ரை கன்னம்" என்றார் மச்சாள்.

அடுத்துச் சுடவேண்டியவர்கள் வந்து காத்து நின்றார்கள். அண்ணை கையை எடுக்கவில்லை. அவர்களும் அவசரப்படுத்தவில்லை.